முழுகாத நாள் முதல்: கருவறிதற் சோதனையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. பிரச்சினை

கருவுற்ற பெண்ணைக் குறிக்கத் தமிழில் வழங்கும் தொடர்கள் பல. அவற்றுள் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது தனிக் கவனத்துக்குரியது. மாதவிடாயின் பின் தலைமுழுகும் வழக்கமுடைய சமூகத்தில், முழுக வேண்டிய நாள் கடந்தும் ஒரு பெண் முழுகாதிருத்தல் அவள் கருவுற்றமைக்கு முதல் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இத்தொடரில் ஒரு காலக்கணக்குப் பொதிந்திருப்பதைக் காணலாம். கருவுற்ற செய்தி வீட்டுக்குள் வரும் நாளை அது மாதவிடாய் தவறிய நாளோடு பிணைக்கின்றது.

இன்று மருந்துக்கடைகளில் விற்பனையாகும் கருவறிதற் சோதனைப் பட்டிகளின் உறைகளிற் பல, அந்நாளுக்கு நான்கைந்து நாட்கள் முன்னரே முடிவைச் சொல்ல வல்லன எனக் கூறுகின்றன. குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண் எந்நாளிற் சோதனை செய்தல் வேண்டும் என்ற வினா இதனால் எழுகின்றது. தோற்றத்தில் இது வைத்தியர் ஒரே வாக்கியத்தில் விடையளித்துவிடக்கூடிய சிறிய வினா. ஆயினும் இவ்வினாவைப் பெண் தானே கேட்டுத் தானே விடைகாணும் நிலை மிக அண்மைக் காலத்ததாகும். அந்நிலை எவ்வாறு உருவாயிற்று, அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சோதனை செய்வதற்குரிய நாளை உடலின் இயல்பு ஒருபுறமும் அறிவைக் கைக்கொண்டிருந்தோரின் நலன் மறுபுறமும் நிர்ணயித்து வந்துள்ளன என்பதும், இவ்விரண்டையும் வேறுபிரித்துப் பார்த்தாலன்றி வினாவுக்குச் சரியான விடை கிடையாது என்பதும் எமது கருத்தாகும்.

2. தானியமும் துடிப்பும்

சிறுநீரைக் கொண்டு கருவை அறிய முனைந்தமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்திலிருந்து கிடைக்கின்றது. கி. மு. 1300 அளவினதாகக் கணிக்கப்படும் பேர்லின் பப்பிரசுச் சுவடி, பெண் தன் சிறுநீரைக் கோதுமை மீதும் வாற்கோதுமை மீதும் நாள்தோறும் ஊற்றிவரல் வேண்டும் என்கின்றது. தானியம் முளைத்தால் அவள் கருவுற்றிருக்கின்றாள். முளைத்த தானியம் எது என்பதைக் கொண்டு பிறக்கப்போவது ஆணா பெண்ணா எனவும் சொல்லலாம் என்பது அச்சுவடியின் கூற்று. 1963இல் எகிப்திய ஆய்வாளர் சிலர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். கருவுற்ற பெண்களின் சிறுநீர் மாதிரிகளில் ஏறத்தாழ 70 சதவீதமானவற்றில் தானியம் முளைத்தது. ஆண், பெண் பற்றிய கணிப்பு மட்டும் பொய்த்தது. இதனைக் கொண்டு பண்டை எகிப்தியர் ஓமோன்களை அறிந்திருந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும், கருவுற்றவளின் சிறுநீர் ஏனையோரின் சிறுநீரிலிருந்து வேறுபட்டது என்னும் ஊகம் வெறும் மூடநம்பிக்கையன்று என்பதை அது காட்டுகின்றது.

ஐரோப்பாவின் மத்திய காலத்திற் சிறுநீரின் நிறத்தையும் தெளிவையும் கொண்டு கருவைக் கூறுவோர் இருந்தனர். அவர்களின் கூற்றுக்கள் நம்பத்தகாதன என்ற கண்டனம் பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. ஆதலின், வயிற்றிற் சிசு அசைவதைத் தாய் முதன்முதலில் உணரும் கணமே நீண்டகாலமாக உறுதியான சான்றாகக் கொள்ளப்பட்டது. அது பெரும்பாலும் பதினாறாம் வாரத்துக்கும் இருபதாம் வாரத்துக்கும் இடையில் நிகழ்வது. ஆங்கிலேயச் சட்டம் இக்கணத்துக்குத் தனி மதிப்பளித்தது. மரணதண்டனை விதிக்கப்பட்ட பெண் தான் கருவுற்றிருப்பதாக முறையிட்டால், சிசுவின் துடிப்பு உண்டா என ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு மணமான பெண்கள் அடங்கிய ஒரு சபைக்கு வழங்கப்பட்டது. இந்நடைமுறை இங்கிலாந்தில் 1931இலேயே முற்றாக நீக்கப்பட்டது.

இப்பழைய அளவுகோல் எமது நாட்டுச் சட்டத்திலும் தடம் பதித்துள்ளது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிச் செய்யப்படும் கருச்சிதைவுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. சிசு துடிக்கத் தொடங்கியிருப்பின் அத்தண்டனை ஏழாண்டு வரை நீள்கின்றது. அச்சட்டத்தின் கொடுமை பற்றிய விவாதம் இங்கு எமது பொருளன்று. நாம் குறிக்க விரும்புவது ஒன்றே. சட்டம் பெண்ணைக் கட்டுப்படுத்திய வேளையிலும், துடிப்பை உணர்ந்து சொல்லக்கூடியவள் அப்பெண் ஒருத்தியே. உடல் பற்றிய முதற் செய்தி அவளிடமிருந்தே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகூடம் இந்நிலையை அடியோடு மாற்றியது.

3. சுண்டெலி, முயல், தவளை

'ஓமோன்' என்னும் சொல்லை 1905இல் ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் ஏர்ணஸ்ட் ஸ்டாலிங் வழக்கிற்குக் கொணர்ந்தார். அதன்பின் இரு தசாப்தங்களில் சுரப்புக்கள் பற்றிய ஆய்வு விரைந்து வளர்ந்தது. பேர்லின் நகரிற் பணிபுரிந்த செல்மார் அஷ்ஹைம், பேர்ணாட் சொண்டெக் ஆகிய இருவரும் கருவுற்ற பெண்ணின் சிறுநீரிற் சூலகத்தைத் தூண்டும் பொருளொன்று மிகுந்திருப்பதைக் கண்டு, 1928 அளவில் அதனைச் சோதனை முறையாக்கினர். பருவமடையாத ஐந்து பெண் சுண்டெலிகளுக்குப் பலமுறை சிறுநீர் ஏற்றப்படும். ஏறத்தாழ நூறு மணித்தியாலங்களின் பின் அவற்றைக் கொன்று சூலகங்களைப் பார்ப்பர். அவை பருத்துக் குருதிப் புள்ளிகள் கொண்டிருப்பின் பெண் கருவுற்றிருக்கின்றாள் என்பது முடிவு. யூத வழியினரான இவ்விருவரும் 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் தம் பதவிகளை இழந்து நாடு நீங்க நேர்ந்தது. சொண்டெக் ஜெருசலத்திலும் அஷ்ஹைம் பாரிசிலும் பணியைத் தொடர்ந்தனர்.

1931இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் பிரீட்மனும் மக்ஸ்வெல் லப்ஹாமும் சுண்டெலிக்குப் பதிலாக முயலைப் பயன்படுத்தினர். இரண்டு நாட்களில் முடிவு கிடைத்தது. 'முயல் செத்துவிட்டது' என்றால் கரு உண்டு என்று பொருள் கொள்ளும் பேச்சுவழக்கொன்று அந்நாட்டிற் பரவியது. உண்மையில் முடிவு எதுவாயினும் முயல் கொல்லப்பட்டது.

உயிரைப் பலிகொள்ளாத முறை தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த லான்ஸ்லட் ஹொக்பென், கபச்சுரப்பியின் சாற்றை ஏற்றினால் அந்நாட்டு நகத் தவளை முட்டையிடுவதை அவதானித்தார். பொதுவுடைமைச் சார்பினரும், பின்னர் 1936இல் 'மக்களுக்கான கணிதம்' எழுதிப் புகழ்பெற்றவருமான இவ்வறிஞர், அங்கு நிலவிய இனவொதுக்கலை வெறுத்து 1930இல் இங்கிலாந்து திரும்பினார். கேப்டவுனில் ஷபிரோ, ஸ்வாரென்ஸ்டைன் என்போர் அத்தவளையைக் கருவறிதற் சோதனைக்குரியதாக்கினர். சிறுநீர்ச் சாறு ஏற்றப்பட்ட பெண் தவளை ஓரிரவுக்குள் முட்டையிட்டது. சிலகாலம் ஓய்வளித்தபின் அதே தவளையை மீண்டும் பயன்படுத்தலாம். தென்னாபிரிக்க நீர்நிலைகளிற் பிடிக்கப்பட்ட தவளைகள் பெருந்தொகையாகக் கடல் கடந்து ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகூடங்களைச் சென்றடைந்தன. குடியேற்ற நாடுகளிலிருந்து சென்ற மூலப்பொருட்களின் பட்டியலில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இச்சோதனைகள் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதே எமது முக்கிய வினா. 1929இல் எடின்பரோவில் நிறுவப்பட்ட கருவறி நிலையம் பிரித்தானியா முழுவதிலுமிருந்தும் அஞ்சலில் வந்த மாதிரிகளைச் சோதித்தது. ஆனால் மாதிரியை அனுப்புபவரும் முடிவைப் பெறுபவரும் வைத்தியரே. கருவையும் கட்டியையும் பிரித்தறிதல், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைக் கண்டறிதல் போன்ற மருத்துவத் தேவைகள் முதன்மை பெற்றன. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்ட பின்னரும், மருத்துவக் காரணம் காட்டப்படாதவிடத்து இலவசச் சோதனை பொதுவாக மறுக்கப்பட்டது. நலமாயிருக்கும் ஒரு பெண் தன் நிலையை அறிய விரும்புதல் வெறும் 'ஆவல்' எனப்பட்டது. பொறுத்திருந்தால் தானே தெரியவரும் என்பதே அவளுக்குக் கிடைத்த மறுமொழி. சோதனை செய்யும் நாளைத் தெரிவு செய்யும் உரிமை அவளிடம் இருக்கவில்லை.

4. ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்கு

1960இல் சுவீடனின் உப்சாலா நகரில் லெய்ப் வீடேயும் கார்ல் ஜெம்செல்லும் விலங்குகளின் இடத்திற் பிறபொருளெதிரியைப் புகுத்தினர். கருவின் ஓமோன் பூசப்பட்ட ஆட்டுச் செங்குழியங்களும் அவ்வோமோனுக்கு எதிரான பிறபொருளெதிரியும் ஒரு சிறு குழாயில் இடப்படும். சிறுநீரில் ஓமோன் இருப்பின் அது பிறபொருளெதிரியைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். பற்றுதற்கு எதுவுமற்ற செங்குழியங்கள் குழாயின் அடியில் வளையமாகப் படியும். இரண்டு மணித்தியாலத்தில் விடை கிடைத்தது. விலங்குக் கூடமும் பயிற்சி பெற்ற கையும் இனி இன்றியமையாதன அல்ல. ஆயினும் குழாய் ஆய்வுகூடத்தை விட்டு உடனே வெளியேறவில்லை. தடையாயிருந்தது தொழில்நுட்பமன்று, அதிகாரமே என்பது அடுத்து நிகழ்ந்தவற்றால் விளங்கும்.

1967இல் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்த ஓர்கனோன் மருந்து நிறுவனத்தில், அழகுசாதனப் பொருட்களுக்கு வடிவமைப்புச் செய்யவென மார்கிரெட் கிறேன் என்ற இளம்பெண் பணிக்கமர்த்தப்பட்டார். ஆய்வுகூடத்தில் வரிசையாகத் தொங்கிய குழாய்களையும் அவற்றின்கீழ் இருந்த ஆடியையும் கண்ட அவர், இதனைப் பெண்கள் வீட்டிலேயே செய்யலாமே என எண்ணினார். தமது மேசையிலிருந்த ஒரு பிளாஸ்திக்குப் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு குழாய், துளிச்சொட்டி, ஆடி என்பன அடங்கிய கருவியொன்றை உருவாக்கினார். நிறுவனத்தார் முதலில் தயங்கினர். வைத்தியர்கள் தம் வாடிக்கையாளர். அவர்களைத் தவிர்த்துப் பெண்ணுக்கு நேரே விற்பது வணிகத்தைக் கெடுக்கும் என அஞ்சினர். பின்னர் உடன்பட்டபோது கிறேன் தம் உரிமத்தை ஒரு டொலருக்கு எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு டொலரும் தமக்குக் கிடைக்கவில்லை எனப் பிற்காலத்திற் கூறினார். 'பிரெடிக்ரர்' என்னும் பெயருடன் அது 1971இற் கனடாவில் விற்பனைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்கப் பெண்கள் இத்தகைய கருவிக்கு 1970களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கு வெளிவந்த முதற் கருவிகள் மாதவிடாய் தவறி ஒன்பது நாள் கழிந்த பின்னரே பயன்படுத்தத்தக்கன. 'உண்டு' என்ற முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை சரியாயிருந்தது. 'இல்லை' என்ற முடிவோ எண்பது முறையே சரியாயிருந்தது. ஆகவே இல்லையென வந்தால் ஒரு வாரத்தின் பின் மீண்டும் சோதிக்குமாறு கூறப்பட்டது. இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தைப் பின்னர் காண்போம்.

பெண்களுக்குத் தம் நிலையைத் தாமே அறியும் வழி இல்லாதிருந்தமை எத்துணைப் பாரதூரமானது என்பதற்கு அதே காலத்து மாத்திரைச் சோதனை சான்று பகரும். பிரித்தானியாவில் 1958 முதல் 1978 வரை விற்கப்பட்ட 'பிரிமோடோஸ்' என்ற ஓமோன் மாத்திரையைக் கருவறிதற்கென வைத்தியர்கள் கொடுத்தனர். மாத்திரை உண்டபின் குருதி கண்டால் கருவில்லை, காணாவிடிற் கரு உண்டு என்பது கணிப்பு. தீங்கற்ற சிறுநீர்ச் சோதனை கைவசமிருந்த காலத்திலேயே, கருவுற்றிருக்கக்கூடிய பெண்ணின் உடலில் வலிய ஓமோன் செலுத்தப்பட்டது. 1967இல் வைத்தியர் இசபெல் கால் இம்மாத்திரைக்கும் சிசுவின் பிறவிக் குறைபாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என எச்சரித்தார். மாத்திரை மேலும் பதினோராண்டு சந்தையில் இருந்தது. 2017இல் நிபுணர் குழுவொன்று காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. 2020இல் வெளிவந்த கம்பர்லேஜ் அறிக்கையோ 1967இலேயே அதனை விலக்கியிருக்க வேண்டும் என முடிவு செய்தது. இந்தியாவில் இவ்வகை மருந்துகளுக்கு எதிராகப் பெண்கள் அமைப்புகள் நடத்திய நீண்ட போராட்டத்தின் பின் 1988இல் தடை வந்தது. பிரித்தானியாவிலும் 1970களிற் பெண்விடுதலைக் குழுக்கள் தாமே குழாய்களை வாங்கிப் பிற பெண்களுக்குச் சோதனை செய்து கொடுத்தன. கருவறிதல் வீட்டை வந்தடைந்ததில் வணிகத்தின் பங்கோடு இப்போராட்டங்களின் பங்கையும் மனங்கொளல் வேண்டும்.

5. நாளைக் குறித்தல்

ஆரம்பக் கருவிகள் ஒன்பது நாள் காத்திருக்கச் செய்தமைக்குக் காரணம் உண்டு. கருவின் ஓமோன், கபச்சுரப்பி சுரக்கும் மற்றோர் ஓமோனைப் பெரிதும் ஒத்தது. அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத சோதனை, கருவின் ஓமோன் மிகப் பெருகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். 1972இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜூடித் வைற்றுகைற்றிஸ், பிரவுன்ஸ்டைன், ரொஸ் ஆகியோர், அவ்வோமோனுக்கே சிறப்பாக உரிய பகுதியை மட்டும் இனங்காணும் முறையை வெளியிட்டனர். 1975இல் கேம்பிறிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டியளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டனர். இவ்விரண்டின் இணைவால் 1980களின் பிற்பகுதியிற் சில நிமிடங்களில் கோடு காட்டும் இன்றைய பட்டி உருவாயிற்று. அதன்பின் மிகச் சிறிய அளவு ஓமோனும் அகப்பட்டது. சோதனையின் எல்லை இப்போது கருவியில் இல்லை, உடலின் காலக்கணக்கிலேயே உள்ளது.

அக்காலக்கணக்கை அறியத் துணைபுரிவன அலன் வில்கொக்சும் அவர்தம் சகாக்களும் வட கரோலைனாவில் நடத்திய ஆய்வுகள். குழந்தை பெற விரும்பிய 221 பெண்கள் நாள்தோறும் தம் சிறுநீரைச் சேகரித்து வழங்கினர். கருவின் ஓமோனைச் சுரப்பது பின்னர் சூல்வித்தகமாக வளரும் இழையம். கரு கருப்பைச் சுவரில் உட்பதிந்த பின்னரே அது தாயின் உடலிற் கலக்கின்றது. 1999இல் வெளியான முடிவின்படி, நிலைபெற்ற கருக்களில் உட்பதிதல் முட்டை வெளிப்பட்டு ஆறு முதல் பன்னிரண்டு நாட்களுள் நிகழ்ந்தது. அவற்றுள் 84 சதவீதமானவை எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாட்களிற் பதிந்தன. முட்டை வெளிப்பட்டதிலிருந்து ஏறத்தாழப் பதினான்காம் நாளில் அடுத்த மாதவிடாய் எதிர்பார்க்கப்படுகின்றது. எனவே அதற்கு ஐந்து நாள் முன்னர் சோதிப்பவள், பல வேளைகளில் உட்பதிந்த நாளிலேயோ அதற்கு முன்னரோ சோதிக்கின்றாள். அப்போது வரும் 'இல்லை' என்ற விடை கருவில்லை என்று பொருள்படாது. இன்னும் தெரியவில்லை என்றே பொருள்படும். 2001இல் இவ்வாய்வாளர் மற்றுமொன்றைக் காட்டினர். மாதவிடாய் எதிர்பார்த்த நாளிலுங்கூடப் பத்தில் ஒரு கரு உட்பதிந்திராது. எத்துணை நுண்ணிய கருவியும் அந்நாளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற் கண்டறிய இயலாது. ஒரு வாரம் பொறுத்தால் அது தொண்ணூற்றேழாக உயரும்.

எனவே எமது தொடக்க வினாவுக்கு விடை இவ்வாறு அமைகின்றது. மாதவிடாய் எதிர்பார்த்த நாள் கடந்தபின் சோதித்தல் வேண்டும். இயலுமாயின் ஒரு வாரம் பொறுத்தல் மேலும் நன்று. தொடக்க நாட்களில் ஓமோன் செறிந்திருக்கும் காலையின் முதற் சிறுநீரே ஏற்றது. இல்லையென வந்தும் மாதவிடாய் வராவிடிற் சில நாள் கழித்து மீண்டும் சோதித்தல் தகும். அவ்வோமோன் ஏறத்தாழ இரண்டு நாளுக்கொருமுறை இருமடங்காவதே இதற்குக் காரணம். மாதவிடாய் ஒழுங்கற்றோர் உடலுறவின் பின் மூன்று வாரம் கழித்துச் சோதிக்கலாம். குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் இதே ஓமோன் ஊசியாக ஏற்றப்பட்டிருப்பின் பட்டி பொய்யாக 'உண்டு' எனக் காட்டக்கூடுமாதலின், வைத்தியர் குறித்த நாள்வரை பொறுத்தல் வேண்டும். உண்டு என வந்தபின் அடிவயிற்றில் கடும் வலியோ குருதிப்போக்கோ ஏற்படின் தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். கருப்பைக்கு வெளியே தங்கிய கரு உயிருக்கு ஆபத்தானது.

6. அறிதலும் காத்திருத்தலும்

மேற்குறித்த ஆய்வு 1988இல் வெளியிட்ட மற்றொரு முடிவு சமூகவியலாரின் கவனத்துக்கும் உரியது. ஓமோனால் இனங்காணப்பட்ட 198 கருக்களில் 22 சதவீதமானவை, கருவெனப் பெண் அறிந்துகொள்ளுமுன்னரே அழிந்தன. முன்னைய தலைமுறையினர் இதனை ஓரிரு நாள் பிந்திய மாதவிடாய் என்றே கருதியிருப்பர். இன்று நாள் முந்திச் சோதிக்கும் பெண்ணுக்கு அதே நிகழ்வு திங்களன்று தோன்றிய கோடாகவும் வெள்ளியன்று மறைந்த குழந்தையாகவும் அனுபவமாகின்றது. அவள் எதையோ தூக்கியதாலோ எங்கோ நடந்ததாலோ இது நேர்ந்ததெனச் சுற்றத்தார் சொல்லவும் இடமுண்டு. இவ்விழப்புக்களிற் பெரும்பாலானவை கருவின் நிறமூர்த்தக் குறைபாட்டால் நிகழ்வன. தாயின் செயலால் நிகழ்வன அல்ல. இதனை எடுத்துரைப்பது அறிவுடையோர் கடமை.

'மலடி' என்னும் சொல் இன்னும் வழக்கொழியாத எமது சமூகத்தில், காத்திருக்கும் பெண்ணின் ஒவ்வொரு மாதமும் அயலாரால் எண்ணப்படுகின்றது. முந்திய நாளிலேயே விடை தருவதாகக் கூறும் வணிகம் அந்தப் பதற்றத்தையே மூலதனமாக்குகின்றது. ஒரு பட்டி போதுமான இடத்தில் நான்கு விலைபோகின்றன. குழந்தை பிறவாமைக்குக் காரணம் ஆணிடத்தும் இருக்கலாம் என்பதோ, ஓராண்டு முயன்றும், முப்பத்தைந்து வயதுக்கு மேலாயின் ஆறு மாதம் முயன்றும், கரு தங்காவிடில் இருவருமே வைத்தியரை நாடுதல் வேண்டும் என்பதோ எந்த உறையிலும் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதில்லை.

இதனாற் சோதனையைப் பெண்ணின் கையிலிருந்து மீண்டும் பறித்தல் வேண்டும் என்று எவரும் முடிவுகட்டலாகாது. எடின்பரோவிலிருந்து வைத்தியருக்குச் சென்ற கடிதத்திலும், மாத்திரை கொடுத்து உடலைச் சோதித்த கொடுமையிலும் நாம் கண்டது அறிவு மறுக்கப்பட்டதன் விளைவையே. கருவி அவள் கைக்கு வந்தது வரலாற்றின் முன்னேற்றம். ஆனால் கருவியோடு சேர்ந்து அதன் எல்லையைப் பற்றிய அறிவும் அவளைச் சென்றடைந்தாலன்றி அம்முன்னேற்றம் முழுமை பெறாது. பாடசாலைச் சுகாதாரக் கல்வியிலும் தாய்சேய் நலநிலையங்களிலும் இது தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகக் கற்பிக்கப்படல் வேண்டும்.

சுண்டெலியும் முயலும் தவளையும் ஆட்டுக் குருதியும் கடந்து, ஏறத்தாழ அறுபதாண்டு ஆய்வின் பின் கருவி வந்து நின்ற நாள், 'முழுகாமல் இருக்கிறாள்' என்ற தொடர் குறித்த அதே நாள்தான் என்பது எண்ணத்தக்கது. அத்தொடரை வழங்கிய பெண்களுக்கு ஓமோன் தெரியாது. மாதவிடாய் தவறும் முன்னர் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.